ஆணி இல்லாத கதவு

மார்ச் 3

மழை. ரயிலுக்குச் சோற்றுப் பெட்டி கட்டும் கடையில் சோறு குழைந்துவிட்டது என்று ஃபான் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். குழைந்தது உண்மைதான். தண்ணீர் வைத்தது நான். ஒன்றும் பேசாமல் மரப்பெட்டிகளில் சோற்றை அடைத்து, மேலே பன்றித் துண்டு, பாதி முட்டை, மஞ்சள் ஊறுகாய் வைத்து மூடிக்கொண்டே இருந்தேன். ரயில் வந்தது. பெட்டிகள் போயின. குழைந்த சோற்றையும் சாப்பிடத்தான் செய்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்துத் தண்ணீர் முழுவதும் சுவரின் அடி ஓட்டை வழியாகப் பெரியப்பா பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரே வீடுதான். நடுவில் சுவர். அந்தப் பக்கத்திலிருந்து அவர் கத்தினார்.

"டேய் ஆ-ஃபா! முற்றத்தை இன்னும் எவ்வளவுடா உசத்துவே? மழை பெஞ்சா உனக்குக் குளியல், எனக்குக் குளமா?"

அப்பா ரப்பர் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். பிறகு என்னிடம், "நான் உசத்தினேனாம். அவன் பக்கம் தோண்டிப் பள்ளம் பண்ணினது யாராம்?" என்றார்.

அம்மா இறந்த பிறகு அவளுக்காக வைத்த மேசையில் ஊதுபத்தி ஏற்றினேன். புகை, மேசைக்குப் பின்னால் இருக்கும் திறக்காத கதவுப் பக்கம் போனது. அந்தக் கதவுக்கு அப்பால்தான் முன்னோர் கூடம் இருக்கிறது. நான் அதை உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

மார்ச் 4

மழை. அதே.

மார்ச் 9

கடைக்கு என் பழைய வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். நான் பின்கட்டில் இருந்தேன். குரலை வைத்தே தெரிந்தது. திரும்பவில்லை.

எழுதிவிடலாம். எழுதினால் என்ன ஆகிவிடும்?

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. இரண்டு பெரிய புவித்தட்டுகள் சந்திக்கிற கோடு தைவானில் எங்கள் சிஷாங் வழியாகப் போகிறது. மேற்கே பெருமலைப் பக்கம் ஆசியக் கண்டத்தின் விளிம்பு. கிழக்கே கடலோர மலைப் பக்கம் பிலிப்பைன் தட்டு. கிழக்கு மேற்கைத் தள்ளுகிறது, தள்ளிக்கொண்டே மேலே ஏறுகிறது. வாய்க்கால் ஓரத்துக் கல்சுவர் அதனால்தான் வெடித்திருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் எங்களை அங்கே அழைத்துப் போய், இந்தக் கால் இங்கே, அந்தக் கால் அங்கே என்று வெடிப்பின் இருபுறமும் நிற்கச் சொன்னார்.

"ருய்-யிங், நீ ரெண்டு காலையும் அந்தப் பக்கமே வெய்யி. உங்கம்மா தட்டு அதுதானே?" என்றான் ஒருவன்.

"ஒதுங்குங்கடா, பிலிப்பைன் தட்டு வருது, ஏறி மிதிச்சிடும்!"

வாத்தியார் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அம்மா பிலிப்பைன்ஸ்காரி; அன்று முதல் என் பெயர் தட்டு. டவுனில் உயர்நிலைப் பள்ளி சேர்ந்தபோது அந்தப் பெயர் எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய் அங்கே உட்கார்ந்திருந்தது.

அம்மாவின் காரியம் முடிந்து நான் வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள் ஒருவன் கேட்டான், "என்ன, தட்டு நின்னு போச்சா?" அவன் கெட்டவன் இல்லை. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும்.

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. ஃபான் அக்கா கடையில் ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 12

நகம் வெட்டினேன். நிலம் நகம் வளர்கிற வேகத்தில் நகரும், நம்ம ஊரில் கொஞ்சம் கூடவே நகரும் என்று வாத்தியார் சொல்வார். வெட்டிய துண்டுகளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவுதான். பிறகு குப்பையில் போட்டேன்.

மார்ச் 17

பெரியம்மா துணி காயப்போடும்போது மட்டும் பேசுவாள். சுவருக்கு மேலே அவள் தலை தெரியாது. கொடியில் ஈரத் துணி ஏறும், பின்னாலிருந்து குரல் வரும்.

"பொண்ணே, இருக்கியா?"

"ம்."

"மே மாசம் உங்கம்மாவுக்கு வருஷம் திரும்புதே. உங்கப்பன் என்ன நெனச்சிருக்கான்?"

"தெரியல."

"தெரியலைன்னா கேக்கணும். வாயில என்ன கொழுக்கட்டையா?"

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். கேட்க நினைத்ததற்கும் கேட்டதற்கும் நடுவில் ஒரு கிண்ணம் சோறு முடிந்துவிட்டது.

ஒரு வருடம் ஆனால் இறந்தவரின் பெயர் எழுதிய காகிதத்தை எரிக்க வேண்டும். அவருடைய ஊதுபத்திக் கிண்ணத்துச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து முன்னோர் கிண்ணத்தில் கலக்க வேண்டும். முன்னோர் பலகையில் பெயர் ஏறும். அதன் பிறகு அவர் எல்லாரோடும் இருப்பார். அதுவரை தனிதான். ஆனால் முன்னோர் கிண்ணம் பெரியப்பா பக்கத்தில் இருக்கிறது.

அப்பா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "நம்ம பக்கமே தனிக் கிண்ணம் வெச்சுக்கலாம். சின்னதா ஒரு பலகை செய்யச் சொல்லியிருக்கேன்."

"அம்மா தனியா..."

"அந்தக் கதவுல ஆணி அடிச்சவன் கிட்டப் போய் உங்கம்மாவுக்கு இடம் குடுன்னு கெஞ்சச் சொல்றியா?"

நான் தட்டுகளைக் கழுவினேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னது அப்பாவுக்கும் கேட்டிருக்கும். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர்தான் நின்றார். "என்னைத் தனியா மட்டும் வெக்காதீங்க. எங்க வேணா வெய்யுங்க. யார் கூடயாவது வெய்யுங்க."

யார் கூடயாவது.

மார்ச் 18

ஒன்றும் இல்லை. சோறு சரியாக வந்தது.

மார்ச் 26

கதவைப் பற்றி அம்மா சொன்னதை எழுதி வைக்கிறேன். எனக்கே மறந்துபோய்விடும் போலிருக்கிறது. அவள் குரல் எப்படி இருக்கும் என்பது ஏற்கெனவே பாதி போய்விட்டது.

அவள் இங்கே வந்த நாளில் சுவர் கிடையாது, கதவு திறந்திருந்தது. கல்யாண விருந்தில் பெரியப்பா குடித்துவிட்டு, "வெளிதேசத்துக்காரிய நம்ம முன்னோருக்கு எப்படிடா அடையாளம் தெரியும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அம்மாவுக்கு அப்போது மொழி தெரியாது. சுற்றி எல்லாரும் சிரித்ததால் அவளும் சிரித்தாளாம். அந்த வருடம் மழை முடிந்தபோது கதவு திறக்கவில்லை. அப்பா போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனி உன் கூடத்துல கால் வெக்க மாட்டேன்" என்று மட்டும் முற்றத்தில் நின்று சொன்னார். பிறகு தண்ணீர்ச் சண்டை. பிறகு சுவர்.

"நான் வந்தேன், கதவு மூடிச்சு," என்பாள் அம்மா. முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சொல்வாள். குறையாகச் சொல்ல மாட்டாள். மழை பெய்தது, துணி நனைந்தது என்பது போலச் சொல்வாள்.

ஞாயிறு அன்று டவுன் மாதா கோயிலுக்குப் போவாள். பண்டிகை அன்று கோழி அவித்து, அரிசிப் பலகாரம் பிடித்து, கதவுக்கு இந்தப் பக்கம் வைப்பாள். இரண்டு பக்கமும் சொல்லி வைக்கிறேன், யாராவது ஒருத்தர் கேக்க மாட்டாங்களா என்பாள்.

கடலோர மலையைப் பற்றி வாத்தியார் சொன்னதை ஒருநாள் அவளிடம் சொன்னேன். அந்த மலை ஒரு காலத்தில் தெற்கே கடலுக்குள் எரிமலைத் தீவுகளாகத் தனியே இருந்ததாம். தட்டு அதைச் சுமந்துகொண்டு வந்து இங்கே மோதியதாம். மோதின வேகத்தில்தான் தைவானே கடலிலிருந்து எழுந்ததாம். அதனால்தான் மலை உச்சியில் பவளக்கல் கிடைக்கிறது. அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள், முதல் தடவை பார்ப்பது போல.

"அப்போ அது எங்க ஊர்க்காரன்! பாரு, இவ்ளோ தூரம் வந்தும் வாசல்லயே நிக்குது. இவனையும் உள்ள விடல."

வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். முன்பு எல்லாக் கண்டமும் ஒரே நிலமாக இருந்தது, பிரிந்தது, இன்னும் பிரிகிறது, என்றைக்காவது மறுபடி ஒட்டும் என்று. அதை அம்மாவிடம் சொன்னேனா? ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 5

இன்று சிங்மிங், முன்னோர் இருக்கும் இடத்தைத் துடைத்துக் கும்பிடும் நாள். அஸ்திக் கோபுரத்தில் கூட்டம். அம்மாவின் அஸ்தி இருக்கும் சிறு அறை நான்காவது வரிசை. துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை, தூசியே வராத இடம்.

தாத்தா இருக்கும் வரிசையில் பெரியப்பா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பூக்களைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சரியாகத்தான் இருந்தன. அப்பா அவர் போகும்வரை காத்திருந்து அந்த வரிசைக்குப் போனார். இருவரும் கொண்டுவந்தது ஒரே கடைப் பழம். ஒரே பை.

வீட்டுக்கு வந்து அம்மா செய்வது போலக் கதவுக்கு இந்தப் பக்கம் வைத்தேன். கோழி சரியாக வேகவில்லை.

ஏப்ரல் 13

கடையில் பின்கதவு சிக்கிக்கொண்டது. நான் உள்ளே, காய்கறி வண்டிக்காரர் வெளியே. ஃபான் அக்கா கதவை உதைத்தாள்.

"தட்டு தள்ளுதுடி! ஆசாரியக் கூப்பிடு!"

எங்கள் ஊரில் எது சிக்கினாலும் இதைத்தான் சொல்வார்கள். மேசை இழுப்பறை, சைக்கிள் செயின், ரயில். ஆனால் கடை அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. ஆசாரி வந்தார். நிலையின் மேல்சட்டம் இறங்கிக் கதவைக் கடித்துப் பிடித்திருப்பதைக் காட்டினார். கதவைக் கழற்றி, இழைப்புளியால் மேல் விளிம்பைச் சீவினார். சுருள் சுருளாக என் செருப்பின் மேல் விழுந்தது.

"இன்னும் ரெண்டு மழைக்கு வரும்," என்றார்.

"போன தடவையும் இதையேதான் சொன்னே. சீவிச் சீவி ஒருநாள் கதவே இருக்காது, கைப்பிடி மட்டும் இருக்கும்."

நான் சீவல்களைப் பெருக்கினேன். பெருக்கி முடித்த பிறகும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன் போல. "என்னடி, வாயில்லாப் பூச்சி? பேயடிச்சுதா?" என்றாள் அக்கா.

ஏப்ரல் 14

அப்பா வயலுக்குப் போனதும் அம்மாவின் மேசையை மெதுவாக நகர்த்தினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் நகர்த்தினேன்.

நம் பக்கம் ஒரு மரத் தாழ்ப்பாள் இருக்கிறது. அது போடப்படவே இல்லை. திறந்தபடியே நிற்கிறது. அதன் மேல் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, பழைய கூடு.

கதவுப் பலகையில் ஆணி முனை எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. விளக்கடித்துப் பார்த்தேன். கீழே விரல் நுழையும் இடைவெளி. மேலே ஒன்றுமே இல்லை. மேல்சட்டம் சாய்ந்து இறங்கியிருக்கிறது. மூலையில் கதவின் மரம் நசுங்கி நார் நாராக நிற்கிறது.

வாய்க்காலில் போகிற கோட்டின் ஒரு கிளை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. தரை வெடிக்கும், அப்பா வருடா வருடம் சிமெண்டு பூசுவார். பூசும்போது "தட்டு" என்றுதான் திட்டுவார். அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். முற்றம் உயர்ந்ததும் கதவு மூடியதும் மட்டும் அண்ணன் தம்பி செய்தது.

ஆனால் அந்தப் பக்கம்? அந்தப் பக்கம் ஆணி இருக்கலாமே. நான் பார்க்கவில்லையே.

மேசையைப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 15

கேட்கவில்லை.

ஏப்ரல் 16

பெரியம்மா துணி காயப்போட்டாள். "பொண்ணே, இருக்கியா?" என்றாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஏப்ரல் 19

பலகை செய்து வந்துவிட்டது. சின்னது. ஒரு பெயர் மட்டும் எழுத இடம் இருக்கிறது. அப்பா அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தார். பொம்மைப் பெட்டி போல இருக்கிறது.

யார் கூடயாவது என்றாளே.

ஏப்ரல் 20

கேட்டுவிட்டேன். போர்வை ஒன்று கொடியில் ஏறியது. அதைப் பார்த்தே கேட்டேன். போர்வையிடம் கேட்பது சுலபமாக இருந்தது.

"பெரியம்மா. கூடத்துக் கதவுல உங்க பக்கம் ஆணி இருக்கா?"

"என்ன ஆணி?"

"பெரியப்பா அடிச்சது."

போர்வை ஒரு பக்கமாக இழுபட்டது.

"உங்க பெரியப்பாவா? படம் மாட்ட ஒரு ஆணி அடிச்சா ரெண்டு விரலை நசுக்கிக்கற ஆளு. உங்கப்பன்தானே தாழ்ப்பாள் போட்டது? புதுப் பொண்டாட்டி வந்ததும் அப்பன் ஆத்தாளக் கும்பிடக்கூட வர மாட்டேங்கறான்னு இந்த மனுஷன் அலமாரிய இழுத்துக் குறுக்க வெச்சாரு."

"தாழ்ப்பாள் போடல."

"போடலையா?"

"குளவி கூடு கட்டியிருக்கு. பழசு."

"அடப்பாவிகளா," என்றாள் பெரியம்மா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "விருந்துல உங்கம்மாவப் பத்தி அந்த வார்த்தை சொன்னாரு. இல்லேங்கல. அந்த வாய்க்கு நான் இன்னிக்கும் திட்டறேன். ஆனா ஆணி அடிக்கலடி."

ஏப்ரல் 21

பெரியம்மா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "அவ புருஷனுக்கு அவ பேசாம யாரு பேசுவா?" என்றார். ஆனால் நான் படுத்த பிறகு அறையில் விளக்கு எரிந்தது. மேசை நகர்கிற சத்தம்.

ஏப்ரல் 27

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? சிரிப்பாக இருந்தது. நான் சிரிக்கவில்லை.

பெரியம்மா பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள் போல; காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் அலமாரி இழுபடும் சத்தம். பிறகு டம் டம் என்று அடி. அம்மாவின் ஊதுபத்தி நடுங்கியது. நான் கிண்ணத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆ-ஃபா! தாழ்ப்பாளை எடுடா!"

"தாழ்ப்பாள் போடவே இல்ல! நீ ஆணியப் புடுங்கு!"

"எந்த ஆணி? ஒரு ஆணி காட்டுடா, இங்கேயே முழுங்கிடறேன்!"

"உனக்கு எதிர்ல நிக்கற எருமையே தெரியாது, ஆணி தெரியுமா?"

"எதிர்ல கதவு இருக்கு, எருமை அந்தப் பக்கம்தான் நிக்குது! நீ தள்ளு, நான் இழுக்கறேன்!"

"நீ மொதல்ல இழு!"

"நீ மொதல்ல தள்ளு!"

யாரும் தள்ளவில்லை. யாரும் இழுக்கவில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் ஆரம்பிக்கக் காத்துக்கொண்டு நின்றார்கள். இப்படியே நின்றால் மே மாதம் வந்துவிடும், அந்தச் சின்னப் பலகை அலமாரியிலிருந்து இறங்கிவிடும் என்று தோன்றியது.

"யாரும் மூடல," என்றேன்.

கேட்கவில்லை. இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் மூடல! மேல்சட்டம் இறங்கிக் கடிச்சிருக்கு. ஃபான் அக்கா கடைக் கதவு மாதிரி. தட்டுதான். யாருமே மூடல!"

இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. கிண்ணத்திலிருந்து சாம்பல் கொஞ்சம் பாவாடையில் கொட்டிவிட்டது.

அந்தப் பக்கம் பெரியப்பா கேட்டார், "யாரு பேசறது?"

"உங்க தம்பி பொண்ணு," என்றாள் பெரியம்மா.

"அதுக்குப் பேச வருமா?"

அப்பா அண்ணாந்து மேல்சட்டத்தைப் பார்த்தார். நான் விளக்கடித்துக் காட்டினேன். நசுங்கிய மூலையை விரலால் தொட்டார். தொட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கமும் பெரியப்பா பார்த்திருக்க வேண்டும்.

பிறகு, "வாய்க்கால் சுவரைத் தட்டு தள்ளுதுன்னா நம்பறே. உன் வீட்டுக் கதவை மட்டும் நான் வந்து மூடணுமாடா?" என்றார் பெரியப்பா. கத்தவில்லை.

"நீ மட்டும்? என் முற்றத்தை நானா உசத்தினேன்?" என்றார் அப்பா. அவரும் கத்தவில்லை.

நான் பாவாடையில் கொட்டிய சாம்பலைக் காகிதத்தில் கூட்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். எல்லாம் வந்ததா தெரியவில்லை.

மே 2

ஆசாரி வேண்டாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா அந்தப் பக்கமிருந்தும் அப்பா இந்தப் பக்கமிருந்தும் மேல்சட்டத்தை அறுத்தார்கள். ரம்பம் நடுவில் மாட்டிக்கொண்டது. "உன் பக்கம் கோணல்." "உன் பக்கம்தான் கோணல்." மத்தியானத்துக்குக் கதவு கழன்றது.

கூடம் சின்னது. நான் பெரிதாக நினைத்திருந்தேன். எங்கள் தரை அவர்கள் தரையைவிட ஒரு சாண் உயரம். முன்பு படியே கிடையாதாம். பெரியப்பா அந்த உயரத்தைப் பார்த்தார். குனிந்து கை வைத்துப் பார்த்தார். நான் போய்விட்டேன் என்று நினைத்தோ என்னவோ, "தண்ணி எங்க போகும் பின்னே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கதவை முற்றத்து வெயிலில் போட்டு அப்பா இழைக்க உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துப் பச்சைப் பெயிண்ட் எல்லா இடத்திலும் அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் இல்லை. என் தோள் உயரத்தில், கைப்பிடிக்குப் பக்கத்தில், வட்டமாகத் தேய்ந்து மரம் வழுவழுவென்று தெரிந்தது. நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்கு அம்மாவின் கை என்று எல்லாரும் சொல்வார்கள்.

தள்ளிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு பண்டிகைக்கும். யாரிடமும் சொல்லாமல்.

தள்ளித் தள்ளித் திறக்காததால்தான் ஆணி என்று நம்பியிருக்கிறாள்.

அப்பாவும் பார்த்தார். இழைப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து வாய்க்கால் பக்கம் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். வந்து விளிம்பை மட்டும் இழைத்தார்.

பெரியப்பா கிட்டே வந்து நின்றார். "இது என்னடா, பெயிண்ட் போயிருக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே தெரிந்துவிட்டது. கையில் இருந்த தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

மே 3

அழவில்லை. அழ வேண்டும் போலவும் இல்லை. சோறு, பன்றித் துண்டு, முட்டை, ஊறுகாய்.

மே 7

பெரியப்பா என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி: "உங்கம்மா நிஜப் பேரு என்ன?"

அடையாள அட்டையில் இருக்கும் சீனப் பெயர் அவருக்குத் தெரியும். அதைக் கேட்கவில்லை.

"லுஸ்விமிண்டா."

"எத்தனை நீளம்! அதுக்கு என்ன அர்த்தம்?"

"அவங்க நாட்டுல மூணு பெரிய தீவு. லூசோன், விசயாஸ், மிண்டனாவ். மூணையும் சேர்த்து ஒரே பேரு." ஒரே மூச்சில் இவ்வளவும் சொன்னேன். "விசயாஸ் மட்டும் நிறையச் சின்னத் தீவு."

"ஒரு விரல் அகலப் பலகைல இத்தனை தீவை எங்கே வெப்பேன்?" என்றார். தூரிகையைத் தண்ணீரில் நனைத்து மேசைமேல் எழுதிப் பார்த்தார். காய்வதற்குள் அழித்தார். இன்னொரு விதமாக எழுதினார். எங்கள் வழக்கத்தில் மருமகளுக்குப் பிறந்த வீட்டுப் பெயரை மட்டும் எழுதினால் போதும். அவர் முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து நெருக்கி எழுதினார். கடைசி எழுத்து கொஞ்சம் சிறியதாகிவிட்டது.

"அடையாளம் தெரியாதுன்னு சொன்னவன் நான்தான்," என்றார் எழுதிக்கொண்டே. நான் மையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மே 11

இன்று அம்மாவுக்கு வருஷம்.

அப்பா ஒரு சாண் இறங்கி உள்ளே போனார். பின்னால் நான், கிண்ணத்தோடு. பெரியம்மா கோழி அவித்திருந்தாள், என்னுடையதை விட நன்றாக. பெரியப்பா பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் அம்மாவின் பெயரைச் சொன்னார். வாய் இடறியது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

காகிதம் எரிந்தது. ஒரு சிட்டிகைச் சாம்பலை நான்தான் எடுத்துப் போட்டேன். பெரிய கிண்ணத்துச் சாம்பலும் அதே நிறம். எது அம்மா என்று ஒரு நொடிக்குப் பிறகு தெரியவில்லை.

இதைத்தானே கேட்டாள்? கேட்டது கிடைத்துவிட்டதா? அவள் இருக்கும்போது கதவு மூடியிருந்தது. மண்தான் மூடியது. ஆனால் மண் மேல் சந்தேகப்பட யாருக்குமே தோன்றவில்லை. அண்ணன் மேல் தோன்றியது, தம்பி மேல் தோன்றியது. அம்மாவுக்கு அவள் மேலேயே தோன்றியது.

மாதா கோயில் ஜெபமாலையைப் பலகைக்குப் பின்னால் வைத்தேன். பெரியம்மா பார்த்தாள். பழத்தட்டை நகர்த்தி அதை மறைத்துவிட்டாள்.

மே 12

எங்கள் அறையில் மேசை இருந்த இடம் காலியாக இருக்கிறது. ஊதுபத்தி ஏற்ற எழுந்து, அங்கே போய் நின்றேன். பிறகு கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனேன்.

ஜூலை 1

அறுவடை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வரப்புக் கல்லைப் பற்றிச் சண்டை. "நீ நகர்த்தினே." "அதுவா நகர்ந்துது." பெரியம்மா சோற்றுப் பெட்டியோடு வந்து, "இப்போ ரெண்டு பேருக்கும் நல்ல சாக்கு கிடைச்சிருக்கு," என்றாள். சுவர் இன்னும் இருக்கிறது. அடி ஓட்டையை மட்டும் பெரியப்பா பெரிதாக்கி, அந்தப் பக்கம் கால்வாய் வெட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 19

ஃபான் அக்கா என்னை முன்கட்டில் நிற்கச் சொன்னாள். நின்றேன். ஒருவன் வந்து, "அட, தட்டு!" என்றான். "எத்தனை பெட்டி?" என்று கேட்டேன். இரண்டு என்றான். கொடுத்தேன்.

அக்டோபர் 6

புயல் போய், மழையும் விட்டுவிட்டது. காலையில் ஊதுபத்தியோடு கதவைத் திறந்தபோது மேலே உரசியது. திறந்தது, ஆனால் உரசியது. விளிம்பில் புதிதாக ஒரு கோடு, நகத்தின் அளவு.

தேய்ந்த இடத்தில் கை வைத்துத்தான் தள்ளினேன். அப்பா அங்கே இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அடிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஊதுபத்தியை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி பெரியப்பாவைக் கூப்பிட்டேன். இழைப்புளியைக் கொண்டுவரச் சொன்னேன்.